ஏழாவது விதிக்கு ஒரு காரணம்

வடிவமைப்புக் கையேட்டை இனிப் பார்த்துக்கொள்ளப் போகிற மூவருக்கும்,

ஒப்படைப்புப் பட்டியலை ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். இருபத்து மூன்று வரிகள். எழுத்துரு எந்தக் கோப்பில் இருக்கிறது, படக்குறிகளை யார் வரைந்து தந்தார்கள், எந்தத் திரையைத் தொட்டால் வேறு எந்தத் திரை கலையும், எல்லாம் அதில் உண்டு. வேலையைத் தொடங்க அது போதும். இங்கே எழுதுவது அந்தப் பட்டியலுக்குள் அடங்காதது. சுருக்கி ஒரு வரியாக்கப் பார்த்தேன், முடியவில்லை.

ஓய்வு பெறுகிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு முப்பத்தொரு வயது. ஆனால் ஆறு வருடமாக, சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, சனி ஞாயிறுகளில் ஒரு திறந்த மூலச் செயலியின் நிறங்களுக்கும் பொத்தான்களுக்கும் காவல் இருந்தேன். களைத்துவிட்டேன். யார் மேலும் கோபமில்லை. சும்மா களைப்புத்தான்.

செயலி உங்களுக்குத் தெரியும். ஆடு மாடுகளுக்குத் தடுப்பூசி முகாம் நடத்தும் தன்னார்வக் குழுக்கள் வைத்திருப்பது. எந்த ஊரில் யாருடைய மந்தை, எத்தனை உருப்படி, ஊசி போட்டாயிற்றா இல்லையா என்று பட்டியல் காட்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். இந்த இரண்டாவது வசதிதான் என் ஆறு வருடத்தைத் தின்றது.

நான் வந்தபோது இருந்த நிலையைக் குறித்து வைத்திருக்கிறேன். பொத்தானில் பதினோரு வகை. பச்சையில் நான்கு. ஒரே வேலைக்கு ஒரு திரையில் ‘சேமி’, இன்னொன்றில் ‘பதி’, மூன்றாவதில் ‘சரி’. தேதி ஓரிடத்தில் இடப்பக்கம், ஓரிடத்தில் வலப்பக்கம். வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கைக்கு வந்ததைச் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். எல்லோரும் நல்லெண்ணத்தோடு செய்ததுதான். நல்லெண்ணத்தோடு வைத்த ஒன்றை எடுக்கச் சொல்வதுதான் இந்த வேலையில் மிகவும் சோர்வு தருவது. பொத்தானின் மூலை வளைவாக இருக்க வேண்டுமா கூராக இருக்க வேண்டுமா என்று நாற்பத்தொரு செய்திகள் போயின. நாற்பத்திரண்டாவதில் நான் முடிவைச் சொன்னேன். ஒருவர் கோபித்துக்கொண்டு திட்டத்தை விட்டே போனார். நல்ல நிரலாளர். இன்று பார்த்தால் அந்த மூலை வளைந்திருக்கிறதா கூராக இருக்கிறதா என்று எனக்கே சட்டென்று நினைவில்லை.

கையேடு எழுத உட்கார்ந்தபோது, திட்டத்தைத் தொடங்கியவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதில்லை, எழுத்தில்தான் பழக்கம். ஒவ்வொரு விதிக்கும் எதிரே ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்க வேண்டும், அது காலியாக இருக்கக் கூடாது என்றார். எனக்கு அப்போது அது வீண்வேலையாகப் பட்டது. இருந்தாலும் செய்தேன். முப்பது விதிகள், முப்பது கட்டங்கள். வெயிலில் தெரிய வேண்டும் என்பதால் எழுத்து இவ்வளவு பெரிது. கையில் சாக்குக் கயிறோ பாட்டிலோ பிடித்திருப்பார்கள் என்பதால் பொத்தான் கட்டைவிரல் எட்டும் இடத்தில். இப்படி.

ஏழாவது விதி: முடிந்தது பச்சை, பாக்கி சிவப்பு. அதற்கு எதிரே காரணக் கட்டத்தில் நான் எழுதியது இரண்டு சொல். ‘எல்லோருக்கும் தெரிந்தது.’

ஒரே ஒரு திரை அந்த விதிக்குள் வராமல் நின்றது. முகாமில் கையோடு வைத்துக்கொள்ளும் மந்தைப் பட்டியல். அதில் ஊசி போட்ட மந்தைக்கு முன்னால் சிவப்புப் புள்ளி, போடாததற்கு வெறும் வட்டம். குருவிகுளம் பக்கத்து ஊர்களில் ஒரு வருடம் முகாம்களோடு அலைந்த ஒருவர் செய்த திரை அது. பிறகு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஏன் சிவப்பு என்று எங்கும் எழுதவில்லை. நானும் அவரைத் தேடிக் கேட்கவில்லை. ஒரு வரி மாற்றம். ‘ஒழுங்குபடுத்தல்’ என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். இரண்டு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். சனிக்கிழமை மாலை புதிய வெளியீடு போனது.

அந்த வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் எங்கள் பக்கத்திலேயே முகாம் நடந்துகொண்டிருந்தது. குழுவின் வாட்ஸப்பில் தகவல் வந்திருந்தது. நான் அந்தக் குழுவைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன்.

ஞாயிறு பகல் பன்னிரண்டரைக்கு முப்பிடாதி அக்கா போன் செய்தார். பனவடலிசத்திரத்துக்காரர். முகாமில் எந்தக் குழு எங்கே போக வேண்டும் என்று அனுப்புகிறவர் அவர்தான். பின்னணியில் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.

“ஏட்டி, எங்க இருக்க?”

“வீட்லதான்க்கா.”

“உன் போன்ல பட்டியலைத் தொற. எங்க ஊர்ப் பக்கம் பச்சைப் புள்ளி வச்சு நாலு மந்தை இருக்கா?”

“இருக்கு.”

“நாலுக்கும் போயாச்சு. நாலு பேரும், அதான் போட்டுட்டுப் போனீகளேங்கான். ஆட்டைப் பாத்தா முதுகுல சாயம் கெடக்கு. முத மந்தையில டாக்டர் ஒரு பாட்டிலைக் கலக்கிட்டாரு. இப்ப அவரு என்னையப் பாக்க பார்வையிருக்கே, அந்தக் கலக்குன மருந்தை என் தலையிலயே ஊத்திருவாரு போல. என்ன கூத்துட்டி இது?”

“பச்சைன்னா முடிஞ்சதுக்கா. சிவப்புதான் பாக்கி.”



“நேத்து வரைக்கும் செவப்புன்னா போட்டாச்சுன்னுல்லா இருந்துச்சு?”

“நேத்து சாயங்காலம் மாத்தினோம்.”

“யாரு?”

“நான்தான்க்கா.”

“ஊசி போட்ட ஆட்டுக்கு நாங்க என்ன சாயம் அடிக்கோம்னு உனக்குத் தெரியுமா?”

ஆறு வருடத்தில் முதல் மூன்று வருடம் அப்போது முடிந்திருந்தது. ஊசி போட்ட ஆட்டின் முதுகில் அடையாளம் வைப்பார்கள் என்பது தெரியும். என்ன நிறம் என்று தெரியாது. பார்த்ததில்லை.

“செவப்பு,” என்றார் அக்கா. “மூணு குழுவும் காலையிலருந்து செவப்பை எல்லாம் விட்டுட்டு, பச்சை பச்சையாப் பாத்துப் போய்க்கிட்டு இருக்கு.”

பாக்கி ஏழு மந்தைகள். ஐஸ் பெட்டி சாயங்காலம் வரை தாங்கும். கலக்கிய மருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அக்கம்பக்கத்தில் ஆட்டுக்கொல்லி நோய் வந்துவிட்டது என்பதால்தான் அந்த முகாமே. அதைவிட, மேலநீலிதநல்லூர்ப் பக்கம் சுடலைமுத்து என்பவருடைய மந்தை அன்றே ஊரை விட்டுக் கிளம்புகிறது. “ரெண்டு தடவை போன் போட்டுட்டாரு,” என்றார் அக்கா. “வருவீகளா, நான் பத்திக்கிட்டுப் போகட்டுமான்னு கேக்காரு. உங்களுக்குப் போட்டாச்சே அண்ணாச்சின்னு நான் சொல்லுதேன். எனக்கா போட்டாச்சுன்னு அவரு கேக்காரு. மனுசன் வெளையாடுதாருன்னுல்லா நெனச்சேன்.”

திட்டத்தின் அரட்டை அறையில் நடந்ததை எழுதினேன். கோயம்புத்தூரிலிருந்து பங்களிக்கும் ஒருவர், நல்ல மனிதர், உடனே பதில் போட்டார். ‘ஒரு வரிதானே. பழையபடி திருப்பிவிடுங்கள், பத்து நிமிடத்தில் வெளியிடலாம்.’ நான்கு கட்டைவிரல்கள். வெளியிடும் அனுமதி அந்த வாரம் என்னிடம் இருந்தது. திருப்பும் மாற்றத்தை அவரே எழுதித் தயாராக வைத்துவிட்டார். நான் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

இந்த இடத்தில் நீங்கள் நிதானிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். தவறு செய்துவிட்டோம் என்று தெரிந்த அடுத்த நிமிடம், அதை நம் கையாலேயே அழித்துவிட வேண்டும் என்று உடம்பு பரபரக்கும். அந்தப் பரபரப்பு களத்தில் நிற்கிறவர்களுக்காக அல்ல, நமக்காக. எனக்கும் விரல் அங்கேதான் நின்றது. வழக்கம்போல ஒரு தாளை எடுத்து எண் போட்டேன். ஒன்று, மூன்று குழுக்களில் இளையரசனேந்தல் பக்கம் போனவர்களுக்கு சிக்னல் இல்லை. இரண்டு, இப்போது திருப்பினால் இரண்டு போனில் சிவப்பு என்றால் முடிந்தது, ஒரு போனில் சிவப்பு என்றால் பாக்கி. மூன்று, எந்தப் போனில் எது என்று யாருக்கும் தெரியாது. நான்காவது எழுதவில்லை.

‘எதையும் வெளியிட வேண்டாம்’ என்று அறையில் எழுதினேன். ‘காரணம் பிறகு சொல்கிறேன்.’ ஒருவர் கேள்விக்குறி மட்டும் அனுப்பினார்.

அக்காவிடம், “புள்ளியைப் பாக்காதீங்க. நான் பேரைச் சொல்றேன், எழுதிக்கோங்க,” என்றேன்.

“பேனா இல்லட்டி.”

“எதுலயாவது.”

ஐஸ் பெட்டி மூடியில் ஆட்டுச் சாயத்தைத் தொட்டு ஏழு பேரையும் எழுதினார். மற்றக் குழுவுக்குப் போனில் சொன்னார். சிக்னல் இல்லாத குழுவுக்குத் தன் வீட்டுக்காரரை வண்டியில் அனுப்பினார். பிறகு என்னிடம், சுடலைமுத்து மந்தைக்கு அருகில் இருக்கும் குழு வந்து சேர ஒன்றரை மணி நேரமாகும், அதுவரை அவர் நிற்கமாட்டார் என்றார்.

“நான் போறேன்க்கா.”

“நீ போயி? ஊசியா போடப் போற?”

“நிப்பாட்டி வைக்கேன்.”

“ஆட்டையா, அவரையா?”

ஸ்கூட்டியில் முக்கால் மணி நேரம். மேலநீலிதநல்லூர் தாண்டி ரோட்டோரம் உடைமரத்து நிழலில் மந்தை நின்றது. வெள்ளையும் கருப்பும் செம்பழுப்புமாக எண்பத்து நான்கு செம்மறிகள். கரிசல் காடு அறுவடை முடிந்து வெறுமனே கிடந்தது. சுடலைமுத்து அண்ணாச்சி கம்பைத் தோளில் குறுக்கே போட்டுக்கொண்டு கிளம்புகிற தோரணையில் இருந்தார்.

“அண்ணாச்சி, முப்பிடாதி அக்கா அனுப்பினாங்க. டாக்டர் வந்துக்கிட்டு இருக்காரு.”

“மூணு நாளா வந்துக்கிட்டுத்தான இருக்காரு.”

“இன்னைக்கு நிச்சயம் வந்திருவாரு. ஒரு மணி நேரம் நில்லுங்க.”

“பொழுது சாயுமுன்ன போய்க் கிடை போடணும் தாயி. புஞ்சைக்காரரு காத்துக்கிட்டு இருக்காரு. ஒரு மாசம் உரத்துக்கு அவரு காட்டுலதான் ஆடு நிக்கணும்னு பேச்சு. இன்னைக்குப் போகலைன்னா அடுத்த மந்தைக்காரனைக் கூப்பிட்டுருவாரு. அங்கன விட்டா எனக்கு மேய்ச்சலுக்கு வேற எடம் கெடையாது.”

செயலியில் கோளாறு என்று சொல்ல வாய் வந்தது. நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். செயலி தானாக எதையும் செய்வதில்லை. “தப்பு என்னோடது அண்ணாச்சி,” என்றேன். “அக்கா போன்ல பட்டியல் இருக்குல்ல, அதுல புள்ளி வைக்கது நான்தான். நேத்து நிறத்தை மாத்திட்டேன். அதான் உங்களை விட்டுட்டுப் போயிட்டாங்க.”

“நீயா புள்ளி வைக்கது?” என்னை மேலும் கீழும் பார்த்தார். “காட்டு.”

வெயிலுக்கு உள்ளங்கையை மறைத்துப் பிடித்துத் திரையைக் காட்டினேன்.

“இதுல நான் எங்க?”

“இந்தா, இதுதான் உங்க பேரு.”

“செவப்பு வச்சிருக்கு.”

“ஆமா.”

“அப்ப எனக்குப் போட்டாச்சு. நீ எதுக்கு வேகாத வெயில்ல வந்து நிக்க?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அவர் கம்பைத் தோளிலிருந்து இறக்கி ஊன்றினார். நிற்கிறேன் என்று சொல்லவில்லை, ஆனால் நின்றார்.

“ஏன் சிவப்பு அண்ணாச்சி?” என்று கேட்டேன். மூன்று வருடம் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

“பின்ன என்ன அடிக்க? பச்சை அடிச்சா புல்லுல பொரண்ட கறைம்பான். நீலம் அவனவன் மந்தை அடையாளம். இந்தா பாரு, என் ஆடெல்லாம் எடது தொடையில நீலம். கருப்போ வெள்ளையோ, அந்தா அந்த வரப்புலருந்து பாத்தாலும் செவப்பு தெரியும். செவப்பு தெரிஞ்சா அதைப் பிடிக்கப்படாது. அம்புட்டுதான்.”

போனில் தட்டிக்கொண்டேன். அம்புட்டுதான் என்பதையும் சேர்த்து.

குழு வந்தபோது மணி மூன்றே கால். டாக்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தார். தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்தார். மற்ற மந்தைகளுக்குப் போக மிச்சம் ஒரு பாட்டில்தான். ஐம்பது ஆட்டுக்கு வரும். காலையில் கலக்கிக் கீழே ஊற்றிய பாட்டில் இருந்திருந்தால் மந்தை முழுக்கப் போட்டிருக்கலாம்.

“அம்பதா?” என்றார் சுடலைமுத்து அண்ணாச்சி. மந்தையை ஒருமுறை பார்த்தார். “சரி, கலக்குங்க.”

ஒவ்வொன்றாகப் பின்னங்காலைப் பிடித்து இழுத்துக்கொடுத்தார். முதலில் குட்டி போட்ட ஆடுகள். பிறகு பருவத்துக்கு வந்த இளம் ஆடுகள். கிடாய்களைத் தொடவில்லை. ஊசி, முதுகில் ஒரு கோடு, விடு. நான் எண்ணிக்கொண்டு வந்தேன், வேறு எதற்கும் உபயோகமில்லாததால். நாற்பத்தொன்பதுக்குப் பிறகு வயதான ஒரு பெட்டை ஆட்டைப் பிடித்தார். அதன் தாடையைத் தாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். “இவ இனி ஈனமாட்டா,” என்று சொல்லி விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற இன்னொன்றைப் பிடித்துக் கொடுத்தார்.

பத்து நாளில் டாக்டர் அவர் கிடை போட்டிருக்கும் இடத்துக்கே வருவதாகப் பேசி அனுப்பினோம். மந்தை ரோட்டைத் தாண்டி நடந்தது. தூரத்திலிருந்தும் தெரிந்தது. பாதிக்கு மேல் சிவப்பு, மீதி வெறும் முதுகு.

மற்ற ஆறு மந்தைகளும் பொழுதுக்குள் முடிந்துவிட்டன. அறையில் அதை எழுதினேன். ‘நல்ல முடிவு’ என்று கோயம்புத்தூர்க்காரர் பதில் போட்டார். வெளியிடாமல் நின்றது சரியான முடிவுதான், இன்றும் அதையே செய்வேன். ஆனால் அன்றைக்குச் சரியாக முடிவெடுத்ததை விட, முந்தின நாள் ஒரு கேள்வி கேட்டிருந்தால் எவ்வளவோ மேல்.

மறுநாள் முகாம் இல்லாத நேரம் பார்த்து அந்தத் திரையிலிருந்து நிறத்தையே எடுத்துவிட்டேன். வெறும் சொல். கையேட்டின்படி ‘நிறைவடைந்தது’ என்று வைத்திருந்தேன். முப்பிடாதி அக்கா பார்த்துவிட்டு, “யாரு நிறைவடைஞ்சது, ஆடா?” என்றார். ‘போட்டாச்சு’ என்று மாற்றினோம். எல்லாப் போனிலும் அது போய்ச் சேர்ந்ததை ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்ட பிறகுதான் சிவப்பைத் திரும்பக் கொண்டுவந்தேன், போட்டதற்கு, சொல்லோடு சேர்த்து.

டாக்டர் பத்தாம் நாள் போனார். அன்று சாயங்காலம் அக்கா கூப்பிட்டார்.

“ஏழு ஆடு போச்சுட்டி. எல்லாம் சாயம் இல்லாதது.”

சுடலைமுத்து அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று தாளில் எழுதி வைத்திருந்தேன், மூன்று வரி. அவர் என்னை முதல் வரிக்கே விடவில்லை.

“புள்ளியைச் சரி பண்ணிட்டியா?”

“பண்ணிட்டேன் அண்ணாச்சி.”

“சரி. வைக்கட்டா, ஆடு தோட்டத்துல எறங்குது.”

அதற்குப் பிறகு கையேட்டில் ‘எல்லோருக்கும் தெரிந்தது’ என்ற சொற்களைத் தேடினேன். ஐந்து இடங்களில் இருந்தது. ஐந்தையும் அழித்துவிட்டு, பயன்படுத்துகிறவர்களிடம் கேட்டுக் காரணம் எழுதினேன். இரண்டுக்கு யாராலும் காரணம் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டு விதிகளும் இப்போது கையேட்டில் இல்லை. ஒருவரும் அவற்றைத் தேடவுமில்லை. முடிந்ததற்குச் சிவப்பு என்று மாறிய ஏழாவது விதியின் கட்டத்தில் அன்று நான் போனில் தட்டியது அப்படியே இருக்கிறது. புல்லுக்கறை, நீலம், வரப்பு, எல்லாம். மொழியைத் திருத்தி எழுதலாம் என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். உங்களையும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. சில மாதத்துக்கு ஒருமுறை புதிதாக யாராவது வருவார்கள். பட்டியலைத் திறந்து பார்ப்பார்கள். முடிந்ததற்குச் சிவப்பு இருப்பதைக் கண்டு, பிழை என்று நினைத்து, ஒரு வரித் திருத்தம் அனுப்புவார்கள். குறிப்பில் பெரும்பாலும் ‘ஒழுங்குபடுத்தல்’ என்றே எழுதியிருப்பார்கள். ஒன்பது முறை வந்துவிட்டது. முதல் இரண்டு முறை நீளமாகப் பதில் எழுதினேன். பிறகு கட்டத்தின் இணைப்பை மட்டும் கொடுத்தேன். எட்டாவது ஆளிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். அவர் அப்புறம் வரவே இல்லை. அவர் செய்ததும் நான் செய்ததும் ஒரே வரிதான். அப்போது எனக்குப் பதில் சொல்ல யாரும் இல்லாமல் போனது, அவ்வளவே. எட்டாவது ஆளிடம் அப்படிப் பேசிய அன்றுதான் இந்த வேலையை வேறு கையில் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

பத்தாவது இன்று காலை வந்திருக்கிறது. ஒரு கல்லூரி மாணவி, முதல் பங்களிப்பு. நான் பதில் எழுதவில்லை. திறந்து வைத்திருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள்.